வீட்டுப் பேர் எழுதிய பட்டியல்

இதில் யார் பேரும் இருக்காது. பேர் எழுதி நான் பட்ட பாடு போதும்.

ரங்கூனில், ஆபீஸ்களும் பேங்குகளும் நெருக்கியடிக்கிற கியாக்டடாவில், ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை. மனு எழுதுவது, படிவம் நிரப்புவது, கையெழுத்து எங்கே போடணும் என்று விரல் வைத்துக் காட்டுவது. இருபது வருஷமாக இதுதான் பிழைப்பு. கடைக்காரி பர்மாப் பெண், என்னைவிடச் சின்னவள். நல்ல மனசு, வாய் மட்டும் ஓயாது. அன்றைக்குக் காலையில் கூட்டமில்லை. அவள் போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, "அமா, இதைப் பாரேன், இந்த நடிகை எப்படிக் கத்துறான்னு!" என்றாள். அமா என்றால் பர்மியத்தில் அக்கா.

பார்த்தேன். நாடே அறிந்த நடிகை. புயலடித்த தன்லியினில் சேற்றுக்குள் நின்றுகொண்டு, முகத்தில் பூச்சு ஒன்றுமில்லாமல், ஒரு காகிதத்தைக் கேமராவுக்கு நேரே ஆட்டினாள். "இந்தப் பட்டியலில் இருக்கிறவங்க மனுசங்க இல்லையா? தோல் கறுப்பா இருந்தா பசிக்காதா? அவங்க வீட்டுக்குக் கூரை வேண்டாமா?" என்று தொண்டை கிழியக் கேட்டாள். அப்புறம் காகிதத்தைக் கேமராவுக்குக் கிட்டத்தில் கொண்டுவந்தாள்.

என் கையெழுத்து! மேலிருந்து கீழ்வரை இருபத்தாறு பேர், நானே கட்டம் போட்டு எழுதியது. அடியில் தொடர்புக்கு என்று என் போன் நம்பர். படிவம் எழுதி எழுதிப் பழகின கை, நம்பர் போடாமல் எந்தக் காகிதத்தையும் விடாது. பாழாய்ப்போன கை! அந்த வீடியோவை அதற்குள் லட்சக்கணக்கில் பார்த்திருந்தார்கள். இந்த ஊரில் ஒரு வரி எழுதியதற்காக ராணுவக்காரர்கள் வீட்டுக்கு வந்து கூட்டிப்போன கதைகளை நாங்கள் சத்தம் போட்டுக்கூடப் பேசுவதில்லை.

"என்ன அமா, முகம் வெளுத்துப்போச்சு?" என்றாள் கடைக்காரி. "காலையில சாப்பிடல" என்றேன்.

நம்பரைப் பார்த்து வந்தது முதல் பயம். மறுபடி ஓட்டிப் பார்த்து, பட்டியலில் இருந்த பேர்களைப் படித்தபோது இரண்டாவது பயம் வந்தது. அது இன்னும் மோசம்.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் அடித்த புயலில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியினில் எங்கள் ஆட்கள் இருக்கிற வரிசையில் ஒரு கூரை மிச்சமில்லை. என் அக்கா அங்கேதான் இருக்கிறாள். புருஷன் போனபிறகு வாசலில் தோசை சுட்டு விற்றுப் பிழைக்கிறாள். அவளுக்கு வீசிங் உண்டு, ஈரக்காற்று பட்டால் மூச்சு இழுக்கும். அந்த நடிகை லாரி நிறையத் தகரமும் அரிசியும் தானமாகக் கொண்டுவருகிறாள் என்றும், வார்டு ஆபீஸ் மூலமாகத்தான் கொடுப்பார்கள் என்றும், ஒவ்வொரு வரிசைக்காரரும் பட்டியல் எழுதித் தரணும் என்றும் சேதி வந்தது. அக்கா போன் பண்ணினாள். கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் தீரப்போகிறது. மூச்சுவிடாமல் இருபத்தாறு வீட்டுப் பேரையும் ஒப்பித்தாள். நானும் கடகடவென்று எழுதி, தன்லியினுக்குப் போகிற பஸ்ஸின் டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன்.

இங்கேதான் என் புத்தி புல் மேயப் போயிருந்தது. எங்களுக்கெல்லாம் இரண்டு பேர். பள்ளிக்கூடத்துக்கும் அடையாள அட்டைக்கும் ஒரு பர்மியப் பேர். வீட்டுக்கும் கோயிலுக்கும் தமிழ்ப் பேர். வெள்ளிக்கிழமை தோறும் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எழுதுகிறவள் நான். அக்கா வீட்டுப் பேராகச் சொல்லச் சொல்ல, அர்ச்சனைக்கு எழுதுகிற மாதிரியே எழுதிவிட்டேன். நட்சத்திரம் ஒன்றுதான் பாக்கி! ஊருக்கெல்லாம் படிவம் நிரப்புகிறவளுக்கு, அட்டையில் இருக்கிற பேரைத்தான் ஆபீஸ் கேட்கும் என்று தெரியாதா? தெரியும். ஆனாலும் எழுதினேன்.

விநியோகத்தன்று வார்டு அதிகாரி என் பட்டியலைப் பார்த்துப் பேர் கூப்பிட்டிருக்கிறார். ஒவ்வொருவராய்ப் போய் அட்டையை நீட்ட, அட்டையில் வேறு பேர். "இந்தப் பேருக்கு நீ இல்லையே? எந்த ஊர்க் கலா நீ? திருட வந்தியா?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டிருக்கிறார். கலா என்பது எங்களைக் கேவலமாகக் கூப்பிடுகிற சொல். இருபத்தாறு வீட்டையும் ஓரமாக நிறுத்திவிட்டு மற்றவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். மிச்சத் தகரத்தை ஆபீஸுக்குள் வைத்துப் பூட்டியாயிற்று. தானம் கொடுத்தவளே அங்கே நின்று இதைப் பார்த்திருக்கிறாள். என் அக்கா இருமி இருமிச் சுருண்டு உட்கார்ந்ததைப் பார்த்துத்தான், பட்டியலைப் பிடுங்கிக்கொண்டு கேமராவுக்கு முன்னால் கத்தினாள்.

அந்தச் சத்தத்துக்கு மூலகாரணம் நான். அது அவளுக்குத் தெரியாது.

அடுத்த இரண்டு நாள் ஊர் முழுக்க இதே பேச்சு. ஒரு பிரபலப் பாடகர், "முதலில் நம் ஜனங்களுக்குக் கொடுப்போம், விருந்தாளிகள் காத்திருக்கட்டும்" என்று எழுதினார். விருந்தாளியாம்! என் அப்பாவின் தாத்தா இந்தத் துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகு வளைந்தவர். நாலு தலைமுறையாக விருந்துக்கு வந்து, எங்கள் சோற்றை நாங்களே பொங்கித் தின்கிற விருந்தாளிகள்! இன்னொரு நடிகர் பாடகரைத் திட்டினார். அவரை ஆயிரம் பேர் திட்டினார்கள். நடிகைக்கு எந்தக் கலா பணம் கொடுத்தான் என்று சிலர் கேட்டார்கள். அவள் போன வருஷம் போட்ட உடுப்பைப் பற்றிக்கூடப் பேச்சு நடந்தது. அந்தத் தகரம் போய்ச் சேர்ந்ததா என்று ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் கேட்கவில்லை. கமென்ட் முழுக்க நான் தேடினேன்.

எனக்குப் போன் வர ஆரம்பித்தது. தெரியாத நம்பர்கள். ஒருவன் பேசாமல் மூச்சு மட்டும் விட்டான். ஒரு பெண், குரல் நல்ல படித்தவள் மாதிரி இருந்தது, "கலாச்சி, கப்பல் ஏறு" என்றாள். போனை அணைத்து வைக்கவும் முடியாது, அக்கா கூப்பிடுவாள். தெருவில் வண்டி நின்றால் ஜன்னலுக்கு ஓடினேன். தண்ணி லாரிக்குக்கூட ஓடினேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

நடிகையின் உதவியாளப் பெண்ணும் கூப்பிட்டாள். "அமா, நீங்கதானே பட்டியல் எழுதினது? நாளைக்கு மேடத்தோட லைவ்ல பேசுறீங்களா? முகத்தை மறைச்சுடுவோம். உங்களை மாதிரி ஒருத்தர் பேசினாத்தான் ஜனங்க நம்புவாங்க" என்றாள். அந்தப் பேர்களெல்லாம் வீட்டுப் பேர், தப்பு என்னுடையது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். "யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

அன்றைக்குச் சாயந்திரமே அக்கா அழைத்தாள். பேச்சைவிட இருமல்தான் அதிகம்.

"அந்த அதிகாரி வந்தான்டி. பட்டியல் எழுதின ஆளு நேர்ல வரணுமாம். சரியான பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போடணுமாம். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வரலேன்னா தகரம் அடுத்த வார்டுக்குப் போயிடுமாம்."

"அக்கா, தப்பு என்னுதுதான். அட்டைப் பேரை எழுதாம வீட்டுப் பேரை எழுதிட்டேன்."

"நீ மட்டுமா? நானும் அதத்தானே சொன்னேன்" என்றாள். அப்புறம், "நீ வந்துடுவல்ல? பிளாஸ்டிக் தாளுக்குக் கீழ ஒரு வாரமா கெடக்கேன். என்னால முடியலடி" என்றாள். என் அக்கா முடியல என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

காலையில் பஸ் ஏறினேன். போனில் இருந்ததையெல்லாம் அழித்திருந்தேன். வீடியோ, தடை போட்ட ஃபேஸ்புக், அதைத் திருட்டுத்தனமாகத் திறக்கிற விபிஎன், எல்லாம். கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது போன். புதுப் பட்டியலைச் சோற்று டப்பாவின் அடித்தட்டில் வைத்திருந்தேன். பாலத்துக்கு முன்னால் சோதனைக்காக பஸ்ஸை நிறுத்தினார்கள். ஏறின சிப்பாய் சின்ன வயசு. என் அட்டையைப் பார்த்தான், என் மூஞ்சியைப் பார்த்தான், மறுபடி அட்டையைப் பார்த்தான். போனை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

"எங்கே போறே?"

"அக்காவுக்கு உடம்பு சரியில்ல. சோறு கொண்டு போறேன்."

டப்பாவை மோந்து பார்த்தான். கருவாட்டுக் குழம்பு. முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்கிவிட்டான்.

அக்காவைப் பார்த்ததும் அழுகை வந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனாலும் என்னோடு ஆபீஸுக்கு நடந்தாள், பத்தடிக்கு ஒருதரம் நின்று நின்று. வழியில் ஒரு வீட்டுக் கூரையில் புதுத் தகரம் மின்னியது. அதைக் காட்டினாள்.

"அந்தாளுக்கு அட்டையே கெடையாது, வெள்ளத்துல போயிடுச்சு. எனக்குத் தெரிஞ்ச ஆளுதான்னு சொல்லிக் கையில கொடுத்தான் அந்த அதிகாரி. வாங்கினவன் பர்மாக்காரன். அப்ப எங்களத் தெரியாதா? தெனம் என்கிட்ட நாலு தோசை தின்னுட்டுப் போறவனுக்கு, என் மொகம் தெரியாதா?"

நடுரோட்டில் நின்றுவிட்டேன். இரண்டு நாளாக என் தப்பு, என் தப்பு என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தேனே! தப்பு என்னுடையதுதான். ஆனால் அந்த நடிகை கத்தினதும் பொய்யில்லை. என் தப்பு அந்த ஆளுக்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

அதிகாரி எங்களை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார். அது இன்னும் பயமாக இருந்தது. புதுப் பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டு, டைப் அடித்த ஒரு தாளை நகர்த்தினார். மூன்று வரி. பட்டியல் தவறு முழுவதும் என்னுடையது. விநியோகத்தில் எந்தப் பாகுபாடும் நடக்கவில்லை. நான் தவறான தகவல் கொடுத்ததால்தான் நடிகை அப்படிப் பேசினார்.

முதல் வரி சரி. இரண்டாவது பொய். மூன்றாவது பச்சைப் பொய், அவளோடு நான் பேசினதே இல்லை.

"ஐயா, கீழே ஒரு வரி சேர்த்துக்கலாமா?" என்று கேட்டேன். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"என்ன வரி?"

"அட்டை இல்லாதவங்களுக்கும் கொடுத்திருக்கீங்க. தெரிஞ்சவங்கன்னு."

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். ஜன்னல் பக்கம் பார்த்து, "மேகம் கட்டுது அமா" என்றார். "உங்க நம்பர் எங்ககிட்ட இருக்கு. ஊருக்கே தெரியுமே உங்க நம்பர்" என்றும் சொன்னார். பக்கத்தில் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள்.

கையெழுத்துப் போட்டேன், அட்டையில் இருக்கிற பேரில். கை நடுங்கியிருந்தாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இருபது வருஷப் பழக்கம், எழுத்து முத்து முத்தாக விழுந்தது. என்னையும் தாளையும் சேர்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கே தகரம் கொடுத்தார்கள், இருபத்தாறு வீட்டுக்கும். பக்கத்து ஆட்கள் ஏறி அக்கா வீட்டில் ஆணி அடித்து முடிக்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. "ஏன்டி அழற? அதான் கூரை வந்துடுச்சே" என்றாள் அக்கா. அவளிடம் மூன்றாவது வரியைப் பற்றிச் சொல்லவில்லை.

மறுநாள் அந்தப் பாடகர் நான் கையெழுத்திட்ட தாளை ஃபேஸ்புக்கில் போட்டார். "நடிகையின் பொய் அம்பலம்." என் முகமும் கையெழுத்தும் சுற்றி வந்தன. என்னைத் திட்டினவர்களே என்னை நேர்மையான பெண் என்று எழுதினார்கள். தூ! நடிகை மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதினாள். அப்புறம் அவள் ஃபேஸ்புக் பக்கமே காணாமல் போயிற்று. அவளை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள் என்று கடைக்காரி சொன்னாள். உண்மையா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பத்து நாள் கழித்து, மத்தியானம், கடையில் இருக்கும்போது போன் வந்தது. எடுத்தேன். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது, சினிமாவில் எத்தனை வருஷம் கேட்ட குரல்.

"அமா, வச்சுடாதீங்க. எனக்குக் கோபமில்லை. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தத் தகரம் வந்து சேந்துச்சா? இருமிக்கிட்டே இருந்தாங்களே ஒரு அம்மா, அவங்களுக்கு?"

வாசலில் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. யாருமில்லை. போனை யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியது. "தப்பான நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவள் மறுபடி கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை, இத்தனைக்கும் அந்த நம்பர் போனில் அப்படியே இருக்கிறது. இதைத் தமிழில் எழுதுகிறேன். பாலத்தில் என் பையைக் கொட்டிப் பார்த்தாலும் அவர்களுக்குப் படிக்கத் தெரியாது, அந்தத் தைரியம்தான். நீங்கள் போனில் கேட்டீர்களே, அந்தத் தகரம் வந்துவிட்டது, அம்மா. இருபத்தாறு வீட்டுக்கும் வந்தது, என் அக்கா இப்போது நனையாமல் தூங்குகிறாள். நீங்கள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. உங்களுக்கும் தமிழ் படிக்கத் தெரியாது.