போன மழை யாருடையது

யுத்தத்தில் விரட்டப்பட்டு, மன்னாரிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சொப்பின் பையோடு புத்தளத்துக்கு வந்து, ஐந்தாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு உப்பளம் வாங்கியவன் நான். என்னைப் போல இன்னொருத்தனைக் காட்டுங்கள், பார்ப்போம்.

யுத்தம் முடிந்து சில வருஷத்தில், ஆற்றுக்கு அக்கரையில் தென்னந்தோட்டம் வைத்திருந்த ஹாஜியார் தன் கரையோரம் உயரமாக மண் அணை கட்டினார். அடுத்த மாரியில் பெருகின ஆறு அவருடைய தோட்டத்தில் பரவ வழியில்லாமல் என் பக்கம் திரும்பியது. அள்ளிக் குவித்திருந்த உப்பெல்லாம் கரைந்து போனது. போய்க் கேட்டேன்.

"அல்லாஹ்ட நாட்டம். அகதியா வந்த மனுசனுக்கு இவ்வளவு கிடைச்சதே பெரிசு."

தன் குற்றத்தை அல்லாஹ்வின் மேல் போட்டார். அதை அவர் வாயாலேயே திருப்பி எடுக்க வைக்காமல் நான் மௌத்தாகி மண்ணுக்குள் போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு, ஆற்றை அளந்து, வெள்ளத்தைக் கம்பியூட்டருக்குள் ஓடவிட்டுப் பார்க்கிற பொறியியலாளர் ஒருவர் எங்கள் பக்கம் வந்தார். என் மாடியில் தங்க வைத்தேன். வேலை முடிந்ததும் ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டு விருந்து வைத்தேன். ஹாஜியாரை என் சஹன் தட்டிலேயே உட்கார வைத்தேன். ஆறு பேர் கை வைத்துச் சாப்பிடுகிற தட்டை விட்டு நடுவில் எழும்ப ஏலாது.

"தம்பி, அந்த மழையைத் திரும்பப் பெய்ய விடுங்க" என்றேன்.

பொறியியலாளர் ஆற்றின் படத்தைச் சுவரில் காட்டினார். என் உப்புப் பாத்திகள் முழுக்க வெள்ளத்தின் நீலம்.

"இப்ப ஹாஜியார்ட அணையை எடுங்க."

அதே மழை. தண்ணீர் தென்னைகளுக்குள் பரவிக் கடலேரிக்குப் போனது. என் பாத்தி ஒன்றுகூட நனையவில்லை.

ஹாஜியார் விடுவாரா? "காலநிலை மாறுதாமே! வரப்போற மழையைப் போடுங்க, பாப்பம்."

போட்டார். அணை இல்லாமலேயே நீலம் என் பாத்திகளில் ஏறியது.

"பாத்தீங்களா?" ஹாஜியார் சிரித்தார்.

"வரப்போற மழை அல்லாஹ்ட, ஹாஜியார். போன மழை உங்கட."

ஒருவரும் சோற்றில் கை வைக்கவில்லை. பள்ளிவாசல் தலைவர்தான், "சொல்லுங்க ஹாஜியார், புரியாணி ஆறுது" என்றார்.

"ஓம். என்ட அணைதான்." தட்டைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

அணையை வெட்டினார். மன்னிப்பும் கேட்டு வந்தார். "பாப்பம்" என்று அனுப்பினேன்.

இப்போது வரப்போற மழைக்கும் எட்டாத உயரத்துக்கு நான் என் கரையில் அணை கட்டுகிறேன். தண்ணீர் எங்கே போகும் என்று பொறியியலாளரிடம் தனியாகக் கேட்டேன். "அவர்ட தோட்டம் முழுக்க மூழ்கும், நானா. வேணாம்" என்று அண்ணனுக்குச் சொல்வது போலச் சொன்னார்.

லொறிகள் மண் கொட்டிக்கொண்டிருக்கின்றன. ஹாஜியார் ஒருநாள் கேட்க வருவார். சொல்ல வேண்டிய பதிலை, என் உப்புக் கரைந்தபோதே அவர் எனக்குத் தந்துவிட்டார்.