முத்துவுக்குப் பேசுகிறவள்

உலர்ந்த ஜாதிக்காய்த் துண்டு ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்ட பிறகுதான் ஷெரில் மைக்கைப் பக்கத்தில் இழுப்பாள். பாலிக் புலாவிலிருந்து அவள் அம்மா வாங்கி வருவது, தொண்டைக்கு நல்லதாம். அந்தத் துண்டு கரையும்வரை அவள் ஷெரில் இல்லை, முத்து.

முத்து என்பது இடுப்பளவு உயரமுள்ள வெள்ளை ரோபோ. ஜார்ஜ்டவுனில் ஒரு சந்துக்குள் இருக்கும் பக்கவாத மறுவாழ்வு இல்லத்துக்கு யாரோ நன்கொடையாகக் கொடுத்தது. மலாய், ஆங்கிலம், சீனம் மூன்றும் தானாகவே பேசும். தமிழ் மட்டும் வராது. "நல்ல சாமான்தான்லா. நம்ம பாஷைக்கு மட்டும் ஊமை" என்பாள் ஷெரில். அதனால் தமிழ் நோயாளிகளுக்கு அடுத்த அறையிலிருந்து அவளே பேசுவாள். கணினி அவள் குரலைச் சிறுபிள்ளைக் குரலாக மாற்றி அனுப்பும். இது நோயாளிகளுக்குத் தெரியாது. சொல்ல வேண்டாம் என்பது நிர்வாகத்தின் உத்தரவு.

முப்பத்தொரு வயது, தடித்த கண்ணாடி, உடற்பயிற்சி உதவியாளர் வேலை. பொய் சொல்ல நேர்ந்தால் காது மடலைத் தேய்ப்பது அவள் பழக்கம். முத்துவாகப் பேசும் நேரமெல்லாம் கை காதில்தான் இருக்கும். முத்து யாரையும் கடிந்து பேசக் கூடாது என்பது அவளாகவே வைத்த விதி. "மனுசங்க ஏசுறது பத்தாதா? இதாவது சும்மா இருக்கட்டும்."

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முகம்மது சுல்தானின் செயலிழந்த இடது கைவிரல்களை அவள் ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள். ஜவுளிக்கடை நடத்தியவர் அவர், அறுபது தாண்டியவர். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வலது கையை ஓங்கி அவள் கன்னத்தில் அறைந்தார். கண்ணாடி தெறித்துக் கட்டிலுக்கடியில் போய் விழுந்தது. அவள் குனிந்து தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். நடைபாதையில் தலைமைத் தாதி ஆசியா பீவி அவள் கன்னத்துச் சிவப்பைப் பார்த்து, நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"புகார் எழுதிக் குடு. இன்னைக்கே அவர வீட்டுக்கு அனுப்பிடுறேன்" என்றார்.

வீட்டில் யார் இருக்கிறார்கள்? அவர் மகள் ஃபஸீலா மாக் மண்டினில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விடுவாள். பகலெல்லாம் தனியாகக் கிடப்பார். பயிற்சி நின்றால் அந்தக் கைக்கு உயிர் திரும்பாது.

"அடிச்சது நோவுதான்க்கா. அவரு இல்ல" என்றாள் ஷெரில். சொன்னதை அவளும் நம்பினாள்.

பதினொன்றரைக்கு முத்துவின் முறை. அடுத்த அறையில் அவள் எதிரே இருந்த திரையில் சுல்தானின் முகம் மிக அருகில் தெரிந்தது. முத்துவிடம் மட்டும் அவர் குழைந்து பேசுவார்.

"முத்து, காலையில எனக்குப் பயிற்சி குடுக்குற மிஸ்ஸிய அறைஞ்சிட்டேன்."

அவள் திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"எல்லாரும் நோவு, நோவுங்குறாங்க. நோவு இடது கையிலதானே? அறைஞ்சது வலது. ஓங்குனப்பவே எனக்குத் தெரிஞ்சுச்சு. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல."

அறை விழுந்ததைவிட இதுதான் ஷெரிலுக்கு வலித்தது. நோய் அடித்தது என்றால் மன்னிக்க ஒன்றுமில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். இப்போது எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். தெரிந்தே அடித்தவர்.

"நீ அடிக்க மாட்ட" என்றார் அவர் ரோபோவைத் தடவியபடி. "அப்பிடித்தான் உன்னைச் செஞ்சு வச்சிருக்கான். அதுல உனக்கு என்னா பெருமை? அடிக்க முடிஞ்சவன் அடிக்காம இருக்கணும். எனக்கு அது வரல. நீ சொல்லு, நான் என்னா செய்யிறது?"

பரவாயில்லை என்று முத்து எப்போதும் சொல்லும் வார்த்தை நாக்குவரை வந்தது, வெளியே வரவில்லை. அந்தக் கணத்தில் இன்னொன்றும் அவளுக்குப் புரிந்து, அவளே பயந்துபோனாள். முத்துவின் வாயால் ஒரே ஒரு சொல் போதும், இந்த மனிதரை நொறுக்கிவிடலாம். யாருக்கும் தெரியவும் தெரியாது. அதைச் செய்ய அவளுக்கு ஆசையாகவே இருந்தது.

குரல் மாற்றும் பொத்தானை அணைத்தாள்.

"அங்கிள், முத்துவுக்குத் தமிழ் தெரியாது. இத்தனை நாளும் பேசுனது நான்தான். ஷெரில்."

திரையில் அவர் ரோபோமேல் இருந்த கையை எடுத்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் கேட்டியா?"

"கேட்டேன்."

"அப்ப நீயும் என்னை ஏமாத்தியிருக்க."

"ஆமா அங்கிள்." அவள் கை காதுக்குப் போகவில்லை.

அன்று மாலை நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தாள். அடித்தார், ஒப்புக்கொண்டார், தொடர்ந்து நானே பயிற்சி தருகிறேன் என்று மூன்று வரி. நோயாளிகளிடம் சொல்லாமல் இனி முத்துவுக்குப் பேச மாட்டேன் என்று நான்காவது வரி. நிர்வாகம் முணுமுணுத்துவிட்டுச் சம்மதித்தது. ஆசியா பீவிக்குத்தான் தாங்கவில்லை.

"மறுபடியும் அடிச்சா?"

"அடிக்கலாம்லா" என்றாள் ஷெரில்.

மறுநாள் காலை அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தபோது சுல்தான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வலது கையைத் தொடைக்கு அடியில் செருகி, அதன்மேல் முழுப் பாரத்தையும் போட்டு உட்கார்ந்திருந்தார். அழுத்தத்தில் மணிக்கட்டு வெளுத்திருந்தது.

ஷெரில் அந்தக் கையைப் பிடித்து மெல்ல வெளியே உருவினாள். நாற்காலியின் கைப்பிடிமேல், தன் முகத்துக்கு எட்டும் தூரத்தில் அதை வைத்தாள். பிறகு குனிந்து, இடது கையின் சுண்டுவிரலை நீட்டத் தொடங்கினாள்.