பலூனக்கா இழுத்த வால்

எங்கள் வாரப் படக்கதைப் பத்திரிகையில் அவருக்குப் பலூனக்கா என்று பெயர். ஆள் என்னவோ ஒல்லிக்குச்சி. படத்தில் இருப்பவர்கள் பேசுவதைப் பலூனுக்குள் அழகாக எழுதி, கடைசியில் அதற்கு ஒரு வால் இழுப்பது அவர் வேலை. வால் யார் வாயைக் காட்டுகிறதோ அவர்தான் பேசுகிறார். படத்துக்கு மை போடுகிற எனக்கு அடுத்த மேசை அவருடையது.

எங்கள் அறையில் பேச்சு கிடையாது. பேசினால் கை ஆடும், கை ஆடினால் கோடு கெடும். வேண்டியதை விரலால் காட்டிக்கொள்வோம். பலூனக்கா மட்டும் காலையில் வாசலில் நின்று, "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். கண்ணெதிரே நாங்கள் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்க, இதென்ன கேள்வி என்று எனக்கு எரிச்சல் வரும். யாரும் தலை நிமிர்த்தியதில்லை.

அப்போது எங்கள் பத்திரிகை ஓடியதே 'இரும்புக் காவல்' என்ற தொடரால்தான். வருங்காலத்தில், தட்டிக்கேட்க ஆளில்லாத ஒரு மாமன்னன். மனிதர்களை நம்பாமல் செயற்கைக் காவலர்களைச் செய்து வைத்திருக்கிறான். அவை பார்க்கும், பிடிக்கும், அடிக்கும், பேசக் கூடாது. பேசுகிற காவலன் யோசிக்கவும் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அதை உலையில் போட்டு உருக்கு என்பது முதல் இதழிலேயே அவன் போட்ட சட்டம்.

ஓவியர் அவசரத்தில் ஒரு காவலனின் தலையில் நெளிசல் விழுந்த மாதிரி வரைந்துவிட்டார். அதுவே நிலைத்துப்போனது. எப்போதும் கூட்டத்தின் ஓரத்திலோ கதவருகிலோ நிற்கும். பேசாத ஆளிடம் பலூனக்காவுக்கு என்ன வேலை? ஆனாலும் பக்கம் கைக்கு வந்ததும் முதலில் அதைத்தான் தேடுவார். அதன் தலையில் ஒரு நொடி விரலை வைத்துவிட்டுத்தான் பேனாவைத் தொடுவார்.

அம்மா இறந்த பின் மாடியில் ஒற்றை அறையில் இருந்தார். தம்பி குடும்பம் வேறு ஊரில். காய்ச்சல் என்று அவர் வராத ஒருநாள், பக்கங்களை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். கதவுக்கு உள்ளே நாலைந்து குரல்கள். ஒருவர் அதட்டினார், ஒரு பெண் அழுதாள், ஒரு கிழவர் கெஞ்சினார். பரவாயில்லை, சொந்தக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, பக்கங்களை வாசலில் வைத்துவிட்டு இறங்கினேன். பாதிப் படியில்தான் உறைத்தது. அதட்டியது எங்கள் மாமன்னன். போன வாரத்துப் பக்கங்களை அவரே குரல் மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டிருந்தார். எனக்குத் திரும்பி ஏறிக் கதவைத் தட்டக் கூச்சமாக இருந்தது.

அதற்குச் சில வாரம் கழித்துத்தான் அந்தத் தவறு நடந்தது. ஒரு சிறைக்கதவு, உள்ளே கண்ணுக்குத் தெரியாத கைதி, வெளியே நெளிசல் காவலன். "யாராவது இருக்கீங்களா?" என்று கைதி கேட்க வேண்டும். வால் கதவின் துவாரத்துக்குள் போயிருக்க வேண்டும். அது காவலனின் வாயில் போய் நின்றது. அச்சாகி வந்த பிறகுதான் எல்லோரும் பார்த்தோம். கதாசிரியர் தையத்தக்கா என்று குதித்தார். கை தவறிவிட்டது என்றார் பலூனக்கா.

குதித்து முடித்ததும் கதாசிரியருக்கு யோசனை பிறந்தது. பேசிவிட்டது அல்லவா, உருக்கிவிட்டால் போயிற்று. அடுத்த வாரத்துக்கு ஒரு பக்கம் தேறும். இதைக் கேட்டதும், யார் மேசைக்கும் போகாத பலூனக்கா அவர் மேசைக்குப் போய் நின்றார்.

"சார், அதை உருக்கித்தான் ஆகணுமா?"

"சட்டம்னா சட்டம்தாம்மா. நானா போட்டேன்? மன்னன் போட்டது."

மன்னன் என்னவோ பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பதுபோல் சொன்னார்.

"சரி, உருக்குங்க. ஆனா அது ஒண்ணு கேட்டுச்சு இல்ல? யாராவது அதுக்குப் பதில் சொல்லட்டும். அப்புறம் உருக்குங்க."

யார் சொல்வது என்று கதாசிரியர் சிரித்தார். கைதி அந்த இதழிலேயே செத்தாயிற்று. மற்ற காவலர்கள் வாயைத் திறந்தால் அவற்றையும் உருக்க வேண்டும், அப்புறம் தொடருக்கு ஆளே மிஞ்சாது. அந்தப் பக்கத்தில் பேச்சே வேண்டாம் என்று முடித்துவிட்டார்.

பக்கம் வந்தது. உலையின் வாசலில் நெளிசல் காவலன் தன்னந்தனியாக நின்றது. மை போட்டு, வழக்கப்படி பலூனக்காவிடம் தள்ளினேன். எழுத ஒன்றுமில்லை. அதன் தலையில் விரலை வைத்தபடி வெகுநேரம் இருந்தார். பிறகு ஒரு சின்னப் பலூன் போட்டு, அதற்குள் "இருக்கேன்" என்று எழுதினார். வாலைப் படத்தில் யாரிடமும் இழுக்கவில்லை. கட்டத்தைத் தாண்டி, காகிதத்தின் கீழ் விளிம்புவரை, தான் உட்கார்ந்திருந்த பக்கமாக இழுத்துவிட்டார்.

பக்கத்தை அச்சுக்கு அனுப்பும் தட்டில் வைப்பது நான்தான். வெள்ளை மையில் இரண்டு தீற்றல் போதும், பலூன் இருந்த இடமே தெரியாது. அப்படியே விட்டால் அவர் வேலை போகலாம். அந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு என்ன இருந்தது? வெள்ளை மையைத் தொட்டேன். வால் போகும் வழியில் கட்டத்தின் கறுப்புக் கோடு குறுக்கே நின்றது. அதை மட்டும் அழித்து வழிவிட்டேன்.

இதழ் வந்ததும் கதாசிரியர் மறுபடி குதித்தார். மறுபடியும் கை தவறிவிட்டது என்றார் பலூனக்கா. இன்னொரு முறை தவறினால் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலை வாசலில் வந்து நின்றார். இனி பக்கங்களில் தேடுவதற்கு அவருக்கு யாரும் இல்லை. "யாராவது இருக்கீங்களா?" என்றார்.

நான் பிரஷ்ஷைக் கீழே வைத்தேன்.

"இருக்கேன்க்கா."

தோள் பையை இறக்காமல் என்னையே பார்த்தார்.

"உன் குரலை நான் வேற மாதிரி நினைச்சு வெச்சிருந்தேன்" என்றார்.