மூன்று ரூபாய் வெட்டிவேர்த் தட்டி

மயிலாப்பூர் வக்கீல் கல்யாணராமனின் காரை இனாயத் பதினொரு வருஷமாக ஓட்டிவந்தார். பெட்ரோல் போட்ட மிச்சம் ஒரு நிமிஷம்கூடத் தன் காசோடு கலந்துவிடக் கூடாதென்று தனிப் பையில் வைத்துக்கொள்கிற மனிதர். இப்படிப்பட்டவர்களுக்குத்தான் இந்த ஊரில் அவப்பெயர் சீக்கிரம் வருகிறது.

அந்தக் காரின் குளிர்ச்சியெல்லாம் பின் ஜன்னல்களில் கட்டிய வெட்டிவேர்த் தட்டிகளில் இருந்தது. தண்ணீர் தெளித்துக்கொண்டால் சித்திரை வெயிலிலும் வக்கீல் ஹைகோர்ட்டுவரை ஜிலுஜிலுவென்று போகலாம். நாற்பத்தெட்டாம் வருஷக் கோடையில் இரண்டு தட்டிகளும் இற்றுப்போயின.

"சரி பண்ண மூணு ரூபா ஆவும் சாமி. வேரு வெல ஏறிப்போச்சி."

"போன வருஷம் ரெண்டுதானே? இதுல உனக்கு எவ்வளவுப்பா?"

வக்கீல் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அந்தச் சிரிப்பைத்தான் இனாயத்தால் பொறுக்க முடியவில்லை. பதினொரு வருஷம் கதவு திறந்துவிட்டவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? வழக்கம்போலக் கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

மறுநாள் கோர்ட்டிலிருந்து திரும்பும்போது, திருவல்லிக்கேணித் தட்டிக் கடை முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லி வக்கீலே இறங்கினார். இனாயத்தின் வீடு அடுத்த சந்தில். தெருவில் நாலு பேர் பார்க்க, முதலாளி தன்னைச் சோதிக்கிறார் என்று அவருக்குக் காது மடலெல்லாம் சுட்டது.

கடைக்காரர் அக்பர் பாஷா ஜன்னலை அளந்து பார்த்தார். "வேரும் மூங்கிலும் மூணு ரூபா, கட்டுற கூலி ரெண்டு. அஞ்சு ரூபா ஆவும்."

வக்கீல் ஏறி உட்கார்ந்தார். தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை இல்லை. மூன்று ரூபாயை முன் சீட்டுக்கு மேலாக நீட்டினார்.

"சரி, உன் ரேட்டுலயே முடிச்சுடு."

இனாயத் வாங்கவில்லை.

"நான் சொன்ன மூணு ரூபாயில கூலி எங்கன்னு கேக்கலியே சாமி? எங்க வூட்டுக்காரி ஜைதூன் பீ கட்டிக் குடுத்துக்கினு இருந்தா. பதினோரு வருஷமா. நம்ம வண்டியாச்சேன்னு காலணா வாங்கல."

"நேக்குத் தெரியாதேப்பா."

"தெரிஞ்சிக்கத்தானே கடைக்கு வந்தீங்கோ? இங்கியே அஞ்சு ரூபா குடுத்துக் கட்டிக்கோங்கோ. என்னைத் திருடன்னு நெனச்ச வண்டிக்கு அவ கையால இனிமே ஒரு முடிச்சி வுழாது."

அவர் வண்டியைக் கிளப்பினார். மயிலாப்பூர்வரை திறந்த ஜன்னலில் அனல் அடித்தது. வக்கீல் அந்த மூன்று ரூபாயைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.