என் காதுப் பக்கத்துப் பெட்டி

எனக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் சீழ் வடிந்து போனது. வலது காது பரவாயில்லை, ஆனால் அதுவும் இப்போதெல்லாம் அரை நாள் லீவு போடுகிறது. நான் பாடம் நடத்தும் பள்ளியில் பிள்ளைகளுக்கு இது பழகிவிட்டது. டீச்சருக்கு வலது பக்கமாக வந்து நின்றுதான் புகார் சொல்வார்கள்.

வீட்டில்தான் சிக்கல். டிவியில் ஒருத்தி ஐந்து நிமிடம் கண்ணீரும் கம்பலையுமாகப் பேசுவாள். “என்னா சொல்றா?” என்று கணவரிடம் கேட்பேன். “ஒண்ணுமில்ல, சண்டை” என்பார். கல்யாணப் பேச்சும் அவருக்குச் சண்டைதான், சொத்துப் பேச்சும் சண்டைதான். மறுபடி கேட்டால் திட்டமாட்டார், ‘ப்ச்’ என்பார். எந்தச் சத்தம் கேட்கிறதோ இல்லையோ, அது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்கும். அதனால் இரண்டாவது தடவை கேட்பதையே விட்டேன். பிறகு படம் ஓடும் நேரத்தில் உள்ளறைக்குப் போய்ப் பரீட்சைத் தாள் திருத்த ஆரம்பித்தேன். வருத்தமாகத்தான் இருந்தது. ஒரே வீட்டில் ஒருவர் சிரிக்கும்போது எதற்குச் சிரிக்கிறார் என்று இன்னொருவருக்குத் தெரியாமல் இருப்பது நன்றாகவா இருக்கும்?

அவர் கல் மனசுக்காரர் இல்லை. ஓசூரில் வேலை பார்க்கும் என் கொழுந்தனார் புதுசு வாங்கிவிட்டுப் பழைய ஹோம் தியேட்டரைக் கொடுத்தனுப்பியபோது, “இனிமே உனக்கு எல்லாமே கேக்கும் பாரு” என்றார் என் கணவர். ஆம்ப்ளிஃபயர் நன்றாக இருந்தது. பின்பக்கத்து ஸ்பீக்கர்கள் இரண்டையும் எலி குதறியிருந்தது. எங்களிடம் பொங்கலுக்குப் பாட்டுப் போட வாங்கிய இரண்டு பெட்டிகள் இருந்தன, கரண்டில் சொருகினால் தானாகவே பாடுகிற வகை. அவற்றையே என் நாற்காலிக்கு இருபுறமும் வைத்தார்.

ஆம்ப்பின் ஸ்பீக்கர் ஒயரைச் சீவி, அந்தப் பெட்டிக்குள் கொடுத்துப் போட்டார். பெட்டி அலறிய அலறலில் எனக்கு இடது காதே கேட்டுவிட்டது போல இருந்தது. உடனே பிடுங்கிவிட்டுத் தம்பிக்கு போன் போட்டார். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கர் போனில்.

“அண்ணா, அந்தப் பொட்டிக்குள்ளயே ஆம்ப் இருக்குதுங்க. ஆம்ப்புக்கு ஆம்ப் குடுத்தா பொகஞ்சிடும். பின்னாடி ப்ரீ அவுட்டுன்னு வட்டவட்டமா ஓட்டை இருக்கும் பாருங்க. சர்ரவுண்டுன்னு போட்டிருக்கும், அதான் பின்பக்கத்துச் சத்தம், அதுல இருந்து ஆடியோ ஒயர் இழுங்க.”

இழுத்தார். அலறல் போய் ‘ங்ங்ங்’ என்று ஓர் இரைச்சல் வந்தது. எர்த் சரியில்லை என்று சொல்லி, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் எர்த் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார். தோட்டத்து மோட்டார் உதைத்தாலும் இதுதான் அவர் வைத்தியம். இரைச்சல் அசையவில்லை. மறுபடி போன். ஆம்ப்பையும் பெட்டிகளையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் சொருகச் சொன்னார் கொழுந்தனார். அடங்கியது.

ஒரு படத்தைப் போட்டு என்னை ராணி மாதிரி நடுவில் உட்கார வைத்தார்.

“கேக்குதா?”

“கேக்குதுங்க. மழை பெய்யுது.”

“பாத்தியா!”

மழை பெய்தது. நாய் குரைத்தது. என் முதுகுக்குப் பின்னால் யாரோ செருப்புப் போட்டு நடந்தார்கள். திரையில் ஓர் அப்பாவும் மகளும் பேசிக்கொண்டே இருந்தார்கள், அதில் ஒரு சொல் என்னிடம் வரவில்லை. வலது பெட்டியில் காதை ஒட்ட வைத்தேன். அங்கேயும் மழைதான்.

“என்னா சொல்றாருங்க?”

“ஒண்ணுமில்ல, சண்டை.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “ஊரு மழையெல்லாம் எனக்கு எதுக்குங்க? வானத்துல பெய்யறத நான் பாத்துக்கறேன். மனுசன் பேசறது எங்க போவுது?” என்று கத்திவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. பாவமாகவும் இருந்தது, ஆனால் கோபம் தணியவில்லை.

நானே எழுந்து ஆம்ப்பைத் திருப்பினேன். ஓட்டைகளுக்கு மேலே பொடி எழுத்தில் எழுதியிருந்தது. முன்னால், பின்னால், நடுவில். நடுவில் இருப்பது டிவிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஸ்பீக்கருக்கானது. பேச்சு வந்தால் அங்கிருந்துதானே வர வேண்டும் என்று தோன்றியது. வலது பெட்டியின் ஒயரைப் பிடுங்கி அந்த நடு ஓட்டையில் சொருகினேன். பெட்டியின் தலையில் அதற்கென்று தனியாக ஒரு வால்யூம் திருகு உண்டு. யாரையும் கேட்காமல் என் காதுக்கு வேண்டிய அளவு திருகிக்கொண்டேன்.

அந்த அப்பா பேசினார். பேசுவதற்கு முன்னால் மூச்சு இழுத்தது கூடக் கேட்டது. மகளுடன் அவர் சண்டையே போடவில்லை. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு, பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்காராதே, சாரல் அடிக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. படத்துக்காக அல்ல. இப்படி எத்தனை பேச்சைச் சண்டை என்று நம்பித் தாள் திருத்தப் போனேனோ.

அந்த நேரம் பார்த்து, தோட்டத்து மோட்டாரை ஓட்டுகிற த்ரீ ஃபேஸ் கரண்டு வந்தது. அவர் மோட்டார் போட ஓடினார். மஞ்சள் வயலுக்குத் தண்ணீர் மடை திருப்பிவிட்டு ஈரக் காலோடு திரும்பி வந்தபோது படத்தில் அந்த மகள் தேம்பித் தேம்பிப் பேசிக்கொண்டிருந்தாள்.

கதவருகே நின்றபடியே, “என்னாச்சு? என்னா சொல்றா?” என்றார்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “ஒண்ணுமில்லைங்க, சண்டை” என்றேன்.

அவர் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

இரண்டாவது தடவை ஏன் கேட்க மாட்டார்கள் என்று எனக்குத்தானே தெரியும். நாற்காலியை நகர்த்தி இடம் விட்டேன். அவர் உட்கார்ந்ததும், ரிமோட்டை எடுத்து அவர் எழுந்துபோன இடம் வரைக்கும் படத்தைப் பின்னால் ஓட்டினேன்.