இருநூற்றுப் பன்னிரண்டாம் துண்டுக்குப் பிறகு

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூரில் விலங்கியல் பட்டம் வாங்கிய முதல் ஆள் இசைவாணி. வயது முப்பத்தொன்று. மலையில் இணையம் நிற்காது என்பதால் கள்ளக்குறிச்சியில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தாள்.

வேலை கணினியில்தான். எலியின் மூளையைத் தாளைவிட மெல்லிய துண்டுகளாகச் சீவி, நுண்ணோக்கியில் படம் எடுத்து அனுப்புவார்கள். படத்தில் தெரியும் ஒவ்வொரு செல்லையும் சுற்றிக் கோடு போட்டு, அது எந்த வகை என்று குறிக்க வேண்டும். எந்தச் செல் எங்கே, எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று மூளை முழுவதற்கும் வரைபடம் தயாரித்துக்கொண்டிருந்தது ஒரு வெளிநாட்டு ஆய்வுக்கூடம். அதற்காகச் சென்னை நிறுவனம் ஒன்று அறுபது பேரை அமர்த்தியிருந்தது. அறுபது பேரும் அவரவர் வீட்டில். இசைவாணி முப்பத்தேழாம் எண்.

ஒருநாள் வாசலில் காய்கறி வண்டிக்காரர், "இன்னாம்மா வேணும்?" என்று கேட்டார். அவளுக்குக் குரல் எழவில்லை. செருமிவிட்டுத்தான் "கத்திரிக்கா" என்றாள். படியேறும்போது யோசித்துப் பார்த்தாள். நான்கு நாட்களாக அவள் யாரிடமும் பேசியிருக்கவில்லை.

இரண்டாம் ஆண்டில் அது கண்ணில் பட்டது. மூளையின் நடுவில் நெருக்கமான செல்கள் வளைந்த வரிசையாக நிற்கும் ஓர் இடம் உண்டு. துண்டுக்குத் துண்டு அந்த வரிசை கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே வர வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டுக்குப் பிறகு அது சட்டென்று நீண்டது. அடுத்தடுத்த துண்டுகளில் படிப்படியாகக் குறுகியது. ஏழு துண்டு தாண்டியதும் மறுபடி சட்டென்று நீண்டது.

மேற்பார்வையாளர் அறிவுச்செல்வனுக்குப் போன் செய்தாள்.

"சார், ஏழு துண்டுக்கு நம்பர் பின்னாலேர்ந்து போட்டுட்டாங்க போலக்குதுங்க."

"அதெல்லாம் மெஷின் பாத்துக்கும்மா. நீங்க கோடு மட்டும் போடுங்க."

போட்டாள். ஆனால் மனம் ஒப்பவில்லை. இருபது துண்டுகளில் அந்த வரிசையின் நீளத்தை அளந்து, கட்டத்தாளில் வரைந்து அனுப்பினாள். பதில் இல்லை. மறுபடியும் அனுப்பினாள். மூன்றாம் முறை அவர் அதை ஆய்வுக்கூடத்துக்குத் தள்ளிவிட்டார்.

நாற்பது நாள் கழித்து அவரே அழைத்தார்.

"முப்பத்தேழுதானே? நீங்க சொன்னது கரெக்ட்டுங்க. தட்டுல துண்டு ஒட்டுன கண்ணாடிங்கள மாத்தி அடுக்கிட்டாங்களாம். தேடிப் பாத்தா இன்னும் மூணு தட்டுல அதே தப்பாம். ஆமா, உங்க பேரு இன்னாங்க?"

இரண்டு ஆண்டுகளில் முதல் முறையாகக் கேட்டார். அவள் சொன்னாள். அவர் போனை வைத்தார்.

அறுபது பேரும் போட்ட கோடுகளைப் பார்த்துப் பார்த்து இயந்திரம் தானே கோடு போடக் கற்றுக்கொண்டது. வேலை முடிந்தது என்று கடிதம் வந்தது. சில மாதங்களில் வரைபடம் வெளியானது. கீழே நீண்ட பெயர்ப்பட்டியல். அதில் அவள் இல்லை. 'குறியீட்டுக் குழுவுக்கு நன்றி' என்று ஒரு வரி இருந்தது. வரைபடத்தைத் திருப்பித் திருப்பி அந்த இடத்துக்குப் போனாள். வளைந்த வரிசை எங்கும் முறியாமல் ஒரே சீராக நீண்டு போயிற்று. அறையில் தனியாகச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு பேச அப்பா சடையன் ஊருக்கு மேலே உள்ள பாறையில் ஏறுவார்; அங்கேதான் போனில் சிக்னல் கிடைக்கும். அந்த ஞாயிறு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"எலி மூளைக்காம்மா இவ்ளோ பாடு?"

"நம்ம மூளையும் ஏறக்குறைய அப்டித்தான்ப்பா."

"உன் பேரு போட்டுக்கிறாங்களா?"

"இல்லப்பா."

"பின்ன?"

"தப்பு இல்லாம இருக்குதுப்பா, இப்போ. அத நான்தான் பாத்தேன்." பிறகு அந்த இடம் எப்படி இருக்கும், எந்தச் செல்லுக்குப் பக்கத்தில் எது வரும் என்றெல்லாம் விவரித்துக்கொண்டே போனாள். வெகுநேரம் கழித்துத்தான் மறுமுனையில் 'ம்' சத்தம் கேட்கவில்லை என்று உறைத்தது. சிக்னல் எப்போது போனதோ, எதுவரை அவர் கேட்டாரோ தெரியவில்லை.

மறுநாள் புது வேலை வந்தது. சாலைப் படங்களில் லாரிகளைச் சுற்றிக் கட்டம் போட வேண்டும். இங்கே அவள் பதினோராம் எண்.