நனையாத சாலை

ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஒரு சாலையை நான்கடி உயர்த்திக் கட்டினேன். அதற்குமுன் ஒவ்வொரு பெருமழைக்கும் அது முங்கி, பஸ் நின்றுபோகும். இனி எந்த வெள்ளம் வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று மார்தட்டிக்கொண்டேன். பொறியாளராக இத்தனை வருடம் ஆகியும் அடக்கம் மட்டும் எனக்கு வரவில்லை.

அடுத்த பெருமழையில் சாலை சொன்னபடி நின்றது. பெருமையாகப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். மேற்குத் தெருவில் தையல் கடை வைத்திருந்த அக்கா, இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து சாலையில் ஏறினார்.

"ஒங்க ரோடு காஞ்சு கெடக்கு சார். நாங்கதான் முங்குதோம். எங்க மாமனார் படுத்த படுக்கையா கெடக்காரு. கட்டில் வரைக்கும் தண்ணி வந்துட்டு."

திரும்பிப் பார்த்தேன். குளம் நிரம்பி மறுகாலில் வழியும் தண்ணீர் முன்பெல்லாம் தாழ்ந்த சாலையைத் தாண்டிக் கிழக்கு வயல்களுக்கு ஓடிவிடும். இப்போது என் சாலையே அணையாக மறித்து நின்றது. அடியில் வைத்த இரண்டு குழாய்களையும் அமலைச்செடி, அதாவது ஆகாயத்தாமரை, அடைத்திருந்தது. என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

மேலதிகாரிக்கு லைன் கிடைக்கவில்லை. சாலையை வெட்டினால் பஸ் போகாது. வெட்டாவிட்டால் தெரு போய்விடும். வெள்ள வேலைக்காக அங்கே நிறுத்தியிருந்த ஜேசிபியை ஓட்டுபவரிடம், "அண்ணாச்சி, ரோட்ட வெட்டுங்க" என்றேன்.

"புது ரோடுல்லா சார்? பெறவு ஒங்களத்தான கேப்பாங்க?"

"கேக்கட்டும். வெட்டுங்க."

இருட்டுமுன் தெருத் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியது. பெரியவரைக் கட்டிலோடு தூக்கிப் பள்ளிக்கூடத்து முகாமில் சேர்த்தோம்.

விளக்கம் கேட்டு அலுவலகத்திலிருந்து ஓலை வந்தது. உயர்த்தியதுதான் தவறு, வெட்டியது அல்ல என்று எழுதிக் கொடுத்தேன். பிறகு மல்லுக்கட்டி, வெட்டிய இடத்தை மேடாக்காமல், வெள்ளம் மேலேறிக் கடந்துபோகிற மாதிரி தாழ்வாகக் கான்கிரீட் போட வைத்தேன். ஆழம் காட்டும் கம்பங்களும், பஸ் சுற்றிப்போக மாற்று வழியும் திட்டத்தில் சேர்ந்தன. முங்குவதற்கென்றே ரோடு போட்ட மேதாவி என்று கேலி செய்தார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

அடுத்த மழைக்காலத்தில் தையல்கார அக்கா போன் செய்தார்.

"என்ன ரோடு போட்டிருக்கிய சார்? முங்கிக் கெடக்கு. பஸ்ஸு சுத்திப் போகுது. துணி எடுக்க நான் எப்படித் திருநவேலிக்குப் போக?"

"நாளைக்குக் காலைல வடிஞ்சிரும்" என்றேன். "வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா அக்கா?"

"வீட்டுக்குள்ள எதுக்குத் தண்ணி வருது?" அவர் குரல் உயர்ந்தது. "நான் பஸ்ஸப் பத்தில்லா கேக்கேன்!"